மின்சாரம் நின்றாலும் நிற்காத காந்தம்

பல்கலைக்கழக வேதியியல் துறைகளில் மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறிய உதவும், என்.எம்.ஆர். என்றே வழங்கப்படும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு ஆய்வகத்தைப் பயன்படுத்தும் மாணவர்களுக்கு, கரைப்பானைத் தேர்ந்தெடுப்பது முதல் நிறமாலையைப் படிப்பது வரை யாவும் கற்பிக்கப்படுகின்றன. அறையின் நடுவே நிற்கும் அந்த வெள்ளை உருளையை, அதாவது கருவியின் காந்தத்தைப் பற்றி மட்டும் போதுமான அளவு சொல்லப்படுவதில்லை. கணினி அணைந்திருப்பதைக் கண்டு, கருவியே ஓய்வில் இருப்பதாக எண்ணிக் கைப்பேசியுடன் அதன் அருகே செல்பவர்களை இப்பணியில் அடிக்கடி காண்கிறேன்.

400 மெகாஹெர்ட்ஸ் கருவியின் காந்தப்புலம் 9.4 டெஸ்லா, அதாவது 94,000 காஸ். பூமியின் காந்தப்புலமோ ஏறத்தாழ அரை காஸ்தான். சுழியத்துக்குக் கீழ் 269 டிகிரி செல்சியஸ் குளிரிலுள்ள திரவ ஹீலியத்தில் மூழ்கிய, மின்தடையே அற்ற மீகடத்திச் சுருளில் ஒருமுறை ஏற்றப்பட்ட மின்னோட்டம் தடையின்றி ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பதால், மின்வெட்டு அந்தக் காந்தத்துக்கு ஒரு பொருட்டே அல்ல.

காந்தப்புலம் 5 காஸாகக் குறையும் இடத்தைக் காட்டத் தரையில் வரையப்பட்டிருக்கும் எல்லைக்கோட்டை, இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் எக்காரணம் கொண்டும் தாண்டக்கூடாது. இன்றைய காந்தங்கள் புறப்புலம், அதாவது கருவிக்கு வெளியே கசியும் காந்தப்புலம், பரவாதவாறு கவசமிடப்பட்டவை என்பதால் இக்கோடு காந்தத்துக்கு மிக அருகிலேயே அமைந்துவிடுகிறது. இதுவே ஒருவகையில் ஆபத்தும்கூட. இரண்டடி தள்ளி நின்றபோது அசையாத ஸ்பானர், இன்னும் ஓரடி நெருங்கியதும் கையைவிட்டுப் பறந்துவிடும். புறப்புலம் பக்கவாட்டைவிட மேலும் கீழும் அதிகமாக நீள்வதால், மேல்மாடி அறையில் யார் அமர்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கட்டடத் திட்டங்களில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

காந்தத்தைவிட எனக்குக் கவலை தருவது வாயுதான். மீகடத்தித் தன்மை திடீரென அழியும் ‘குவெஞ்ச்’ நிகழ்ந்தால், ஒரு லிட்டர் திரவ ஹீலியம் சுமார் 750 லிட்டர் வாயுவாக விரிந்து, அறையிலுள்ள ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். ஹீலியத்துக்கு நிறமோ மணமோ இல்லை. மூச்சுத்திணறலை உணரும் முன்பே நினைவு தப்பலாம். அது மேலே எழுந்து கூரையிலிருந்து கீழ்நோக்கி நிறைவதால், குனிந்தபடி உடனே வெளியேறுவதே முறை. மாதிரிக் குழாயை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது. உள்நோக்கித் திறக்கும் கதவை வாயுவின் அழுத்தம் திறக்கவிடாமல் செய்யக்கூடும் என்பதால், கதவு வெளிப்புறமாகத் திறப்பதாக இருப்பது நலம். காந்தத்தைக் குளிர்விக்கப் பயன்படும் திரவ நைட்ரஜனும் ஆவியானால் இவ்வாறே ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும் என்பதால், அதன் குடுவையை மேல்தளத்துக்கு லிப்டில் அனுப்பும்போது உடன் யாரும் ஏறக்கூடாது. மேலே ஒருவர் காத்திருந்து அதை இறக்கிக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் ஆய்வு மாணவர்களுக்காவது எப்போதாவது சொல்லிவிடுகிறோம். இரும்பு வாளியுடன் விடியற்காலையில் அறையைத் துடைக்க வரும் அம்மாவுக்கும், இரவில் எச்சரிக்கை மணி கேட்டு ஓடிவரும் காவலருக்கும் யார் சொல்கிறார்கள்? பல ஆய்வகங்களில் கதவிலுள்ள அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. காந்தம் எப்போதும் இயங்குகிறது, இரும்புப் பொருள் கூடாது, பேஸ்மேக்கர் உள்ளவர் நுழையக்கூடாது, மணி ஒலித்தால் உள்ளே செல்லாமல் பொறுப்பாளரை அழைக்கவும் என நான்கு வரிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவதோடு, தீயணைப்புத் துறையினரையும் ஒருமுறை வரவழைத்து அறையைக் காட்டிவைப்பது ஆய்வகப் பொறுப்பாளரின் வேலை.