ரீட்டிர் வெறுங்கையோட வந்தா ஃபோல்டர் முடிஞ்சுது எண்டு எடுக்காதேங்கோ

மாரி மழை விடாமப் பெஞ்சுகொண்டிருந்த ஒரு காலமை, திருகோணமலை டவுனுக்குள்ள ஸ்டூடியோ வச்சிருக்கிற அண்ணா ஒருத்தர் கோல் எடுத்தார். "தம்பி, மெயின் டிஸ்க் எழும்புதே இல்ல, பெக்கப்பைத் திறந்து பாத்தா அந்த நிலாவெளிக் கலியாணத்தில பாதிப் படமும் இல்ல" எண்டார். அந்த பெக்கப் புரோகிராம் நான் சீ எண்ட புரோகிராம் மொழியில எழுதிக் குடுத்தது. ஒவ்வொரு இரவும் ஓடி, லொக்ல "முடிந்தது" எண்டு எழுதி வச்சிருக்கு, ஒரு நாள்கூட எரர் இல்ல. தாலி கட்டுற படம் இருக்கு, மாலை மாத்துறது இல்ல. பொம்பிளையின்ர அம்மம்மா கலியாணம் முடிஞ்சு ரெண்டு மாசத்தில மோசம் போயிட்டா, அவவோட நிண்டு எடுத்த படங்களைக் கேட்டுத்தான் அவையள் கடைக்கு வந்திருக்கினம்.

அண்டைக்கு முழுக்க அந்த மெஷினுக்கு முன்னால இருந்து பாத்தன். லினக்ஸின்ர உள்மையமான கேர்னல் எழுதுற லொக்ல மூண்டு கிழமையா ஐஓ எரர் (டிஸ்க்கை வாசிக்கேலாத பிழை) விழுந்து கிடக்கு, என்ர புரோகிராமுக்கு மட்டும் அது தெரியாது. இதை நான் இப்ப எழுதுறது, இதே பிழை இருக்கிற கோட் எத்தினையோ இடத்தில இண்டைக்கும் ஓடிக்கொண்டிருக்கு எண்டதாலதான்.

லினக்ஸ்ல ஒரு ஃபோல்டருக்குள்ள என்ன கிடக்கு எண்டு பாக்க நாங்கள் பாவிக்கிறது ஓப்பன்டிர், பிறகு ரீட்டிர் எண்ட ரெண்டு ஃபங்ஷன். ரீட்டிர் ஒவ்வொரு தரமும் ஒரு பேரைத் தரும், பேரெல்லாம் முடிஞ்சா நல் (ஒண்டுமில்ல எண்ட பெறுமதி) தரும், ஆனா இடையில பிழை வந்தாலும் அதே நல்தான் தரும். எல்லாரும் எழுதுறது "நல் வரும்வரைக்கும் சுத்து" எண்ட ஒரு வைல் லூப், நானும் அப்பிடித்தான் எழுதினனான். டிஸ்க்ல அந்த ஃபோல்டரின்ர ஒரு பிளொக் பழுதாகி ஈஐஓ எண்ட ஐஓ எரர் வந்திருக்கு, ரீட்டிர் நல் தந்திருக்கு, லூப் சந்தோசமா வெளியில வந்திருக்கு.

ரெண்டையும் பிரிச்சுப் பாக்க ஒரே வழி எர்நோ, கடைசியா வந்த பிழையின்ர நம்பர் கிடக்கிற இடம். ரீட்டிரைக் கூப்பிட முதல் எர்நோவை 0 ஆக்கோணும், நல் வந்தாப் பிறகு அதைப் பாக்கோணும், இன்னும் 0 எண்டா உண்மையாவே முடிஞ்சுது, வேற ஏதும் இருந்தா அது பிழை. இதில கன பேர் சறுக்கிற இடம் ஒண்டிருக்கு, லூப் தொடங்க முதல் ஒருக்கா மட்டும் 0 ஆக்கினாக் காணாது, ஏனெண்டா உள்ளுக்க நீங்கள் ஃபைலைத் திறப்பியள், ஸ்டாட் செய்வியள் (ஃபைலின்ர விபரம் கேக்கிறது), அதுகளும் எர்நோவை மாத்திப் போடும். ஒவ்வொரு ரீட்டிருக்கும் முன்னால 0 ஆக்குங்கோ.

கீழ இருக்கிற சிஸ்டம் கோல், அதாவது கேர்னலிட்ட நேராக் கேக்கிறது, இவ்வளவு குழப்பமில்ல. ரீட்டிருக்கு உள்ளால ஓடுறது கெட்டென்ட்ஸ்64. அது ஒரு பஃபரைக் குடுத்தா அதில கன பேரை ஒண்டாப் போட்டு, எத்தினை பைட் போட்டன் எண்டு திருப்பிச் சொல்லும், முடிஞ்சா 0, பிழையெண்டா -1. கேர்னல் சரியாத்தான் சொல்லுது, மேல வர்ற வழியில ரெண்டு பதிலும் ஒண்டாகிப் போகுது. சீ-யின்ர அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.30-ல இருந்து இதை நேரா சீ-யில கூப்பிடலாம். அப்பிடி எழுதுற ஆக்கள் ஒண்டைக் கவனியுங்கோ, ஒவ்வொரு என்ட்ரியும் ஒரே அளவில்ல, அடுத்ததுக்குத் தாண்டுறது அந்த என்ட்ரியிலயே இருக்கிற டி_ரெக்லென் அளவாலதான், ஸ்ட்ரக்ட்டின்ர சைஸால இல்ல.

ஏன் மூண்டு கிழமையா ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல? எக்ஸ்ட்4 எண்ட லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில பெரிய ஃபோல்டர் ஒண்டை வாசிச்சா பேர் நம்பர் வரிசையில வராது, பேரில இருந்து கணக்குப் பண்ணின ஹாஷ் வரிசையில வரும். அதால படங்கள் கடைசிப் பக்கமாக் குறையேல்ல, அங்கயொண்டு இங்கயொண்டு எண்டு காணாமப் போயிருக்கு, மேலோட்டமாப் பாத்தா எல்லாம் இருக்கிற மாதிரித்தான் கிடக்கும்.

இதைவிட நெஞ்சை அடைச்சது வேற. என்ர புரோகிராம் மிரர் மாதிரி வேலை செய்யிறது, மெயின் டிஸ்க்ல இல்லாததை பெக்கப்பிலயும் அழிக்கும். அப்ப முதல் நாள் ஒழுங்காக் கொப்பி பண்ணி வச்ச படங்களையே, பிறகொரு இரவு குறைஞ்ச லிஸ்டை நம்பி அதுவே அழிச்சிருக்கு. ஆர்சிங்க் எண்ட கொப்பி புரோகிராம் இதை யோசிச்சு எழுதின சாமான், வாசிக்கேக்க ஐஓ எரர் வந்தா அழிக்கிற வேலையை விட்டிட்டுச் சொல்லிப் போடும். லிஸ்ட் முழுசா வந்தது எண்டு உறுதி இல்லாம ஒண்டையும் அழிக்கக் கூடாது, இதை நான் கலியாண வீட்டுக்காரரின்ர முகத்தைப் பாத்துப் படிச்சனான். கமரா கார்ட்ல இருந்து கொஞ்சப் படம் மீட்டெடுத்தம், எல்லாம் இல்ல.

டிஸ்க் பழுதாகாமலும் இது நடக்கும். 32-பிட்டுக்குக் கொம்பைல் பண்ணின புரோகிராமுக்கு, ஃபைல் சிஸ்டம் தர்ற ஐநோட் நம்பர் (ஒவ்வொரு ஃபைலுக்கும் இருக்கிற அடையாள நம்பர்) அடங்காட்டி ஈஓவர்ஃப்ளோ எண்ட பிழை வரும், வழக்கம் போல நல். பழைய சின்ன போர்டுகள்ல ஓடவிடுற ஆக்கள் ஃபைல் ஒஃப்செட்டை 64 பிட் எண்டு சொல்லிக் கொம்பைல் பண்ணுங்கோ.

இன்னொரு மாதிரியும் சத்தமில்லாம விடுபடும். என்ட்ரியோட வர்ற டி_டைப் 4 எண்டா ஃபோல்டர், 8 எண்டா சாதா ஃபைல், ஆனா 0 எண்டும் வரலாம், "எனக்குத் தெரியாது" எண்டதுதான் அதின்ர கருத்து. எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் ஒழுங்காச் சொல்லும், எல்லா ஃபைல் சிஸ்டமும் அப்பிடியில்ல, நெட்வேர்க்கால வர்ற என்எஃப்எஸ்-ல சில நேரம் 0 வரும். "4 எண்டா உள்ளுக்க போ" எண்டு மட்டும் எழுதி வச்சா, அங்க முழு சப்ஃபோல்டரையும் பாக்காமத் தாண்டிப் போயிடும். 0 வந்தா எஃப்எஸ்டாட்அட் போட்டுக் கேளுங்கோ, சிம்லிங்கைப் (வேற ஃபைலைக் காட்டுற இணைப்பைப்) பின்தொடராத ஃப்ளாக்கோட.

தமிழ்ல ஃபோல்டருக்குப் பேர் வைக்கிற எங்களுக்கு எண்டே ஒரு சிக்கலும் இருக்கு. லினக்ஸுக்கு ஃபைல் பேர் எழுத்தில்ல, வெறும் பைட். "திருகோணமலை" எண்டதில வர்ற கோ-வை ரெண்டு விதமா எழுதலாம், ஓகாரக் குறியை ஒரே குறியா வைக்கலாம், இல்லாட்டி இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியா வைக்கலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான். யூடிஎஃப்-8-ல முதலாவது 30 பைட், ரெண்டாவது 33. பழைய மெக்குகள்ல இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டம் பிரிச்சுத்தான் வைக்கும், அங்கயிருந்து கொண்டுவந்த "கோணேசர் கோயில்" ஃபோல்டர் இஞ்ச இருக்கிறதோட பொருந்தாது, மிரர் புரோகிராம் ஒண்டைப் புதுசு எண்டும் மற்றதைக் காணேல்ல எண்டும் நினைக்கும், பிறகு என்ன செய்யும் எண்டு மேல சொல்லிட்டன். ஒப்பிடேக்க மட்டும் ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்திப் பாருங்கோ, டிஸ்க்ல இருக்கிற பேரைத் தொடாதேங்கோ. பேருக்கு உச்சம் 255 பைட், தமிழ்ல ஒவ்வொரு குறியும் 3 பைட், அப்ப 85 குறிதான் மிஞ்சும், மாப்பிள்ளை பொம்பிளை பேரோட மண்டபத்தையும் திகதியையும் சேத்து எழுதினா அது கெதியா நிரம்பும்.

இதையெல்லாம் டெஸ்ட் பண்ணப் பழுதான டிஸ்க் தேடித் திரியத் தேவையில்ல. புரோகிராமின்ர சிஸ்டம் கோல்களைக் காட்டுற எஸ்ட்ரேஸ்ல இன்ஜெக்ட் எண்டு ஒரு ஒப்ஷன் இருக்கு, கெட்டென்ட்ஸ்64-க்கு இத்தினையாவது தரம் ஈஐஓ குடு எண்டு சொன்னா அப்பிடியே குடுக்கும். நான் ஐஎம்ஜி_0001.ஜேபிஜி மாதிரி 12 பைட் பேரில 2,300 வெற்று ஃபைல் போட்ட ஒரு எக்ஸ்ட்4 ஃபோல்டரில பழைய கோடை ஓடவிட்டு, ரெண்டாவது கோலைப் பழுதாக்கினன். ஜிலிப்சி எடுக்கிற பஃபர் 32,768 பைட், ஒவ்வொரு படத்தின்ர என்ட்ரியும் 32 பைட், ஒரு புள்ளி ரெண்டு புள்ளி என்ட்ரியளையும் (இந்த ஃபோல்டரும் மேல் ஃபோல்டரும்) சேத்து சரியா 1024 வந்துது, அதில படம் 1022. லொக்ல "முடிந்தது". பிறகு திருத்தின கோடை அதே மாதிரி ஓடவிட்டன், எந்த ஃபோல்டர், என்ன எரர் எண்டு எழுதிப் போட்டு, பெக்கப்பில ஒரு படத்திலயும் கை வைக்காம நிண்டுது. அதுக்குப் பிறகுதான் ஸ்டூடியோவுக்குக் கொண்டு போய்ப் போட்டனான்.