அடாப்டர் ஒன்று கழன்றால் எத்தனை பேர் காது அடைபடும்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பண்டிகைக் கச்சேரிகளில் இப்போது வாத்தியக்காரர் பக்கத்தில் ஆளுக்கொரு சின்ன மிக்ஸர் வைக்கிறோம். தபேலா எவ்வளவு, பாடகர் குரல் எவ்வளவு என்று அவரவரே ஹெட்போனில் கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். பெஹ்ரிங்கர் பி16-எம் மாதிரியான கருவிகளில் ஒரே லேன் கேபிளில் 16 சேனல் வந்துவிடுகிறது.

தகராறு, அந்தக் கேபிளை எப்படி இழுக்கிறோம் என்பதில்தான். கேபிள் மிச்சம் என்று ஒரு மிக்ஸரிலிருந்து அடுத்த மிக்ஸருக்குக் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். பந்தல் சீரியல் செட் கதைதான். பாலக்கோடு பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகையில் டிரம்ஸ்காரர் கால் பட்டு அவருடைய மிக்ஸருக்குக் கரண்டு கொடுக்கும் அடாப்டர் கழன்றது. அவருக்குப் பின்னால் இருந்த கீபோர்டு, பேஸ் கிட்டார், தபேலா மூன்றுக்கும் சத்தம் போய்விட்டது. பாடகர் மட்டும் ஒன்றும் தெரியாமல் சரணத்தில் இருந்தார்.

சரி, பேரலலாகக் கொடுக்கலாம் என்று லேன் கேபிளை ஸ்பீக்கர் ஒயர் மாதிரி வெட்டி முறுக்காதீர்கள். அதில் போவது டிஜிட்டல் சிக்னல். கம்ப்யூட்டர் கடை நெட்வொர்க் சுவிட்சும் உதவாது. பி16 கருவிகள் சிக்னல் அனுப்பும் அல்ட்ராநெட் என்ற முறை, கம்ப்யூட்டர்கள் பேசும் சாதாரண ஈதர்நெட் இல்லை. இதற்கென்றே பி16-டி என்ற பெட்டி இருக்கிறது. ஒரு வரவு, எட்டுப் பிரிவு; நேராக இணைத்த மிக்ஸருக்குக் கரண்டும் அதே கேபிளில் போகும். அந்தப் பெட்டிக்கே கரண்டு போனால் எல்லாம் போகும்தான். ஆனால் அது நம் மேஜையில், நம் கண் முன்னால், யுபிஎஸ்ஸில் இருக்கும். யார் காலும் படாது.

எட்டுக்கு மேல் ஆள் இருந்தால் ஏதாவது ஒரு பிரிவில் இருக்கும் மிக்ஸரிலிருந்து இன்னொரு மிக்ஸரைத் தொடுத்துக்கொள்ளலாம். அந்த இரண்டாவது மிக்ஸருக்குத் தனி அடாப்டர் வேண்டும். அங்கே கோரஸ் பாடுபவரை வையுங்கள். டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் எப்போதும் நேர் லைன்தான்.

அப்புறம் காது. சத்தம் நின்றதும் வாத்தியக்காரர் முதலில் செய்வது வால்யூமை முழுக்கத் திருப்புவதுதான். நாம் கேபிளைச் சொருகியதும் அத்தனையும் காதில் இறங்கும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். நம் ஊரில் அது ஒரே ராத்திரிக் கச்சேரி. அதனால் ஹெட்போனைக் கழற்றச் சொல்லி, வால்யூமைக் குறைத்த பிறகே கேபிளில் கை வையுங்கள்.