மெல்லத் தொட்டால் மங்கல், ஓங்கித் தட்டினால் பளிச்

"மெதுவாக வாசித்தால் சத்தம்தான் குறைகிறது. பியானோ மாதிரி நாதமே மாறமாட்டேன் என்கிறதே?" சிந்தசைஸர் வாங்கிய பலரும் கேட்பது. பியானோவில் ஓங்கித் தட்டினால் சுத்தியலின் கம்பளி இறுகி, மேற்சுரங்கள் கூடுதலாக எழும். சிந்தசைஸரில் வெலாசிட்டியை (கட்டை இறங்கும் வேகத்தை) வால்யூமோடு மட்டும் இணைத்துவிட்டால் அது எப்படி வரும்?

வெலாசிட்டி என்பது விரலின் பலம் அல்ல. பெரும்பாலான கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள் உண்டு. கட்டை இறங்கும்போது ஒன்று முந்தித் தொடும், மற்றது பிந்தித் தொடும். இடைப்பட்ட நேரம் குறையக் குறைய எண் கூடும்: 1 முதல் 127 வரை. (0 கிடையாது. மின்னிசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியான மிடியில் அது நோட்டை நிறுத்தச் சொல்லும் கட்டளை.) எடை பார்க்கும் கருவியே வேண்டாம், கடிகாரம் போதும் என்று யோசித்தவரைக் கும்பிடலாம்! ஒரே ஒரு கட்டை மட்டும் எப்படித் தொட்டாலும் அலறுகிறதா? முதல் தொடுமுனையில் அழுக்கு இருக்கலாம். அது தாமதமாகத் தொடுவதால் இடைவெளி சுருங்கி, எண் 127-க்குத் தாவுகிறது. ரப்பர் பட்டையைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி ஃபில்டர், அதாவது மேற்சுரங்களை வடிகட்டும் பகுதி. எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வடிகட்டுவது என்பதே கட்-ஆஃப். முதலில் கட்-ஆஃபை இறக்குங்கள். அது ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால், வெலாசிட்டி மேலும் திறப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. பிறகு வெலாசிட்டியை கட்-ஆஃபுக்குக் கொடுத்து, வால்யூமுக்குப் போவதைப் பாதியாக்குங்கள். கணினியில் மவுஸால் வரைந்த நோட்டுகளில் சோதிக்காதீர்கள். எல்லாம் ஒரே எண்ணில்தான் இருக்கும்.

சுருதிக்கும் பங்குண்டு. கட்-ஆஃப் 800 ஹெர்ட்ஸில் அசையாமல் நின்றால், சி6-இன் (நடு சி-யான சி4-க்கு இரண்டு ஸ்தாயி மேல்) அடிப்படைச் சுரமே (1046.5 ஹெர்ட்ஸ்) அடிபட்டுப் போகும். நோட்டின் சுருதியோடு கட்-ஆஃபையும் நகர்த்தும் கீ டிராக்கிங் அதற்குத்தான். சி4-ஐ மையமாக வைத்து 100% கொடுத்தால் சி6-இல் கட்-ஆஃப் 3200-க்கு ஏறும். ஆனால் சி2-இல் 200-க்கு இறங்கி பேஸ் மந்தமாகும். 50% என்றால் 1600, 400. அங்கிருந்து தொடங்கி, காதை நம்பி நகர்த்துங்கள்.

'அனலாக்கில்தான் உயிர்' என்பதை மூடநம்பிக்கை என்றே சொல்வேன். 1983-இல் வந்த யமஹா டி.எக்ஸ்.7 முழுக்க டிஜிட்டல். அதன் ஆறு ஆபரேட்டர்களுக்கும் (ஒலியலையை உருவாக்கும் அலகுகள்) தனித்தனியே 0 முதல் 7 வரை வெலாசிட்டி உணர்வு வைக்கலாம். நேரடியாகக் காதில் விழும் ஆபரேட்டரான கேரியருக்குக் கூட்டினால் சத்தம் மாறும். கேரியரின் அலையை மாற்றும் ஆபரேட்டரான மாடுலேட்டருக்குக் கூட்டினால் நாதம் மாறும். மேல் ஸ்தாயி நோட்டுகள் சீக்கிரம் அடங்க ரேட் ஸ்கேலிங் வேறு. கேரியருக்கு 2, மாடுலேட்டருக்கு 6 வைத்து வாசித்துப் பாருங்கள்.