தொந்தரவு தராத பிள்ளைக்கு ஐந்து நாள்

குழந்தைகளுக்கான புற்றுநோய்ப் பிரிவில் உளவியல் ஆலோசகராகப் பணிபுரியும் நான், பெற்றோரை முதல் முறை சந்திக்கும்போது தவறாமல் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, வீட்டில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது. வரும் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: “அவளுக்கென்ன, சமத்து. எந்தத் தொந்தரவும் தருவதில்லை.” இதைச் சொல்லும்போது அந்தத் தாய் தந்தையரின் முகத்தில் தெரியும் ஆறுதலை நான் குறைவாக மதிப்பதில்லை, எல்லாம் கைநழுவிப்போய்க்கொண்டிருக்கும் வேளையில் அவர்கள் பற்றிக்கொள்ள மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், குறிப்பேட்டில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்வேன்.

அப்படிக் கோடு போடப்பட்ட பிள்ளைகளுக்காகவே நடக்கும் ஐந்து நாள் கோடை முகாம் ஒன்றில் சில ஆண்டுகளாகத் தொண்டாற்றி வருகிறேன். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் அண்ணன், அக்கா, தம்பி, தங்கையர் மட்டுமே அங்கே வருவார்கள். இத்தகைய முகாமுக்குத் தன்னார்வலராக வர நினைப்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் கருதும் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் அவர்கள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோயான கடும் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிய இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். பெரியவர்களான நமக்கு அது கடினமான ஒரு காலகட்டம், கடந்து வந்துவிடுவோம். ஏழு வயதில் தொடங்கிப் பத்து வயதில் முடிகிறது என்றால், கூடப்பிறந்த பிள்ளைக்கு நினைவு தெரிந்த வாழ்வில் பாதி அதுவே. கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நேரம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு வரும்படி நாங்கள்தான் சொல்கிறோம். அது சரியான அறிவுரை. தாமதித்தால் கிருமித்தொற்று சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஆனால் நள்ளிரவில் தெர்மாமீட்டரைப் பார்த்த கணத்தில் அந்த வீட்டில் நடப்பதை மற்றப் பிள்ளை எப்படிப் பார்க்கிறது என்பதைப் பற்றி அந்த அறிவுரையில் ஒரு வரியும் கிடையாது. விளக்குகள் எரிகின்றன, கதவு சாத்தப்படுகிறது, காலையில் கண்விழிக்கும்போது அது இன்னொருவர் வீட்டில் இருக்கிறது.

ஒரு முகாமில் என் குடிலில் தங்கியிருந்த ஒன்பது வயதுப் பெண் குழந்தை, வந்த அன்று மாலை மற்றவர்கள் உடைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, தன் பையை மட்டும் திறக்காமல் கட்டிலின் தலைமாட்டில் வாசலைப் பார்த்து வைத்திருந்தாள். இரவு உடையை எடுத்து அணிந்தவள், கழற்றிய உடையை மடித்து மறுபடியும் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். மறுநாளும் அப்படியே. அலமாரியில் இடம் இருக்கிறது என்று சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் விட்டேன். சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் வீட்டில் மருத்துவமனைக்கான பை ஒன்று எப்போதும் தயாராக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பைக்குப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு சிறிய பையும் இருக்கும், அதையும் ஒரு குழந்தை தானே அடுக்கி வைத்துக்கொள்ளும் என்பதை அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். மூன்றாம் நாள் மதியம், நீச்சலுக்குப் பிறகு ஈரத் துண்டை எங்கே போடுவது என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் கட்டில் கம்பியில் விரித்துப் போட்டாள். நான் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இப்படிக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு மிகக் கடினமாக இருக்கிறது. நல்ல மனதோடு வருகிறார்கள். பிள்ளையின் துயரத்தை எப்படியாவது பேசவைத்துவிட வேண்டும், அழவைத்தாவது ஆற்றிவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள். முகாம் மனநல மருத்துவமனை அன்று. வில்லில் அம்பு பூட்டவும், கயிற்றில் ஏறவும், இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடவும்தான் பிள்ளைகள் வருகிறார்கள், அவற்றுக்கிடையே பேச்சு வந்தால் வரும். வருகிறபோது அது பெரும்பாலும் நமக்கு முகம் காட்டாமல், நடந்துகொண்டோ எதையாவது ஒட்டிக்கொண்டோ இருக்கும்போது, பாதி வாக்கியமாக வரும். அந்த நேரத்தில் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு அக்கறையோடு திரும்பிப் பார்த்தால் மீதி வாக்கியம் வராது.

முதல் ஆண்டில் நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். வார்டில் எனக்குப் பழக்கமான குடும்பத்துச் சிறுவன் ஒருவன் முகாமுக்கு வந்திருந்தான். பார்த்த மகிழ்ச்சியில், “தம்பி எப்படி இருக்கிறான்?” என்று கேட்டுவிட்டேன். பதின்மூன்று வயதுப் பையன் நிமிர்ந்து நின்று, ரத்த அணுக்களின் கவுண்ட் ஏறியிருக்கிறது, அடுத்த கீமோ திங்கட்கிழமை, வாந்தி இப்போது பரவாயில்லை என்று ஒரு செவிலியர் பணி மாறும்போது சொல்வதைப்போல ஒப்பித்துவிட்டு நகர்ந்தான். அவன் ஒவ்வொரு நாளும் பள்ளியிலும் தெருவிலும் உறவினர் வீட்டிலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் அது. யாரும் அவனிடம் “நீ எப்படி இருக்கிறாய்?” என்று கேட்பதில்லை என்பதற்காகவே நடத்தப்படும் முகாமில், நான் அவனைப் பார்த்ததும் கேட்டது தம்பியைப் பற்றி. மீதி நான்கு நாளும் அவன் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டான். மரியாதையைத் தவிர வேறெதுவும் இல்லை.

இதைப்போலவே, அறிமுக விளையாட்டுகளில் “கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்?” என்று கேட்கக் கூடாது. பல முகாம்களில், உடன்பிறந்தவரை இழந்துவிட்ட பிள்ளைகளும் தொடர்ந்து வருகிறார்கள். இறந்துபோன அக்காவைச் சேர்த்து இரண்டு என்பதா, விட்டுவிட்டு ஒன்று என்பதா என்று அந்தப் பிள்ளை இருபது பேர் முன்னால் ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். எந்த எண்ணைச் சொன்னாலும் அது இரவெல்லாம் உறுத்தும்.

சிறு குழந்தைகளின் மனத்தில் குற்ற உணர்வு எந்த அளவுக்கு ஆழமாக இறங்கியிருக்கும் என்பதைப் பெரியவர்கள் ஊகிப்பது கடினம். ஏறத்தாழ மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகள், தாங்கள் நினைத்ததாலோ சொன்னதாலோ ஒன்று நடந்துவிடும் என்று நம்புவார்கள். அது அந்த வயதின் இயல்பு. சண்டையில் “நீ செத்துப் போ” என்று சொன்ன அடுத்த வாரம் தம்பிக்கு நோய் என்று தெரிந்தால், அந்தக் குழந்தைக்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. வளர்ந்த பிள்ளைகளுக்கும் இது முற்றாக மறைந்துவிடுவதில்லை, வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள், அவ்வளவுதான். ஆகவே, வாய்ப்பு வரும்போதெல்லாம் தெளிவாகச் சொல்லுங்கள்: சொன்ன வார்த்தையால் புற்றுநோய் வராது, தள்ளிவிட்டதால் வராது, ஒரே தட்டில் உண்பதாலோ கட்டிப்பிடிப்பதாலோ ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. “எனக்கும் வருமா?” என்ற கேள்விக்கு, குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பரம்பரையாக வருபவை அல்ல என்று சொல்லலாம். மிகச் சில குடும்பங்களில் மரபணுக் காரணம் இருப்பதால், “உனக்கு வரவே வராது” என்று உறுதி கொடுக்காமல், கேள்வியை முகாமின் மருத்துவக் குழுவிடம் சேர்ப்பிப்பதுதான் சரி.

நோயுற்ற உடன்பிறந்தவருக்கு எலும்பு மஜ்ஜை கொடுத்த பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களின் பாரம் வேறு. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த ஒருவரின் திசு வகை நோயாளியுடன் முழுமையாகப் பொருந்த 25 விழுக்காடுதான் வாய்ப்பு. பொருந்திவிட்டால், பத்து வயதுப் பிள்ளை குடும்பத்தின் நம்பிக்கையாகிவிடுகிறது. எல்லாரும் பாராட்டுகிறார்கள், ஊசியைப் பற்றிய பயத்தைச் சொல்ல இடமில்லை. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பலிக்காமல் போனால், “என் மஜ்ஜைதான் சரியில்லை” என்று அது முடிவுகட்டிக்கொள்ளும். பொருந்தாத பிள்ளையோ தான் எதற்கும் உதவவில்லை என்று நினைக்கும். இருவரும் ஒரே குடிலில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கக்கூடும். உங்கள் குடிலில் யார் கொடையாளர் என்பதை முகாம் பொறுப்பாளர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். அறிந்து வைத்திருங்கள், நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள், “தம்பியைக் காப்பாற்றிய வீரன்” என்று மட்டும் அழைத்துவிடாதீர்கள்.

இரவில் வரும் கேள்விகள் சில உண்டு. “என் அண்ணன் செத்துப்போவானா?” என்று இருட்டில் ஒரு குரல் கேட்கும்போது, “சேச்சே, அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது” என்று நம் வாய் தானாகச் சொல்லும். அதைச் சொல்லிவிட்டால் அந்தக் குழந்தை உங்களிடம் இனி எதுவும் கேட்காது. வீட்டில் எல்லாரும் சொல்வதைத்தான் நீங்களும் சொன்னீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, “எப்போதிலிருந்து இதை நினைத்துக்கொண்டிருக்கிறாய்?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தோன்றினால் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை, அது பேசத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் பிறர் கண்ணில் படாமல் தனித்திருக்கக் கூடாது என்ற விதிக்கு இந்த இரவுப் பேச்சும் விலக்கு அல்ல. கதவைத் திறந்து வைத்து, வராந்தாவில் இன்னொரு தன்னார்வலர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பின்னணிச் சரிபார்ப்பும் பயிற்சியும் இல்லாமல் தன்னார்வலர்களைச் சேர்க்கும் முகாமுக்கு நான் எந்தப் பிள்ளையையும் அனுப்பமாட்டேன்.

இவையெல்லாம் உண்மையில் பயன் தருகின்றனவா என்று என் சக ஊழியர்களே கேட்பதுண்டு. 2010-இல் வெளியான முறையான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, உடன்பிறந்தோரில் பெரும்பாலோருக்கு மனநோய் என்று சொல்லுமளவுக்குப் பாதிப்பு இல்லை என்றும், ஆனால் கணிசமானோருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த அறிகுறிகளும், நோய் கண்டறியப்பட்ட முதல் இரண்டாண்டுகளில் பள்ளியில் இடர்ப்பாடுகளும் இருக்கின்றன என்றும் காட்டியது. குழந்தைப் புற்றுநோயில் உளசமூக ஆதரவுக்காக 2015-இல் வெளியிடப்பட்ட 15 தர நெறிகளில் ஒன்று உடன்பிறந்தோருக்கென்றே ஒதுக்கப்பட்டது. நடிகர் பால் நியூமன் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1988-இல் தொடங்கிய முகாம் போன்றவை, நோயுற்ற குழந்தைகளுக்காகத் தொடங்கிப் பின்னர் உடன்பிறந்தோருக்கும் தனி நாள்களை ஒதுக்கின. கலிஃபோர்னியாவின் ஓகிசூ முகாமில் முன்னும் பின்னும் அளவிட்ட ஆய்வுகளில் பதற்றம் குறைந்தும் தன்மதிப்பு உயர்ந்தும் இருந்தன. இத்துறை ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அவற்றை வைத்து முகாமை ஒரு சிகிச்சை என்று நான் சொல்லத் துணியமாட்டேன். ஆனால், தன்னைப்போன்ற இன்னொரு பிள்ளையை வாழ்வில் முதன்முறையாகச் சந்திக்கும் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். “உன் தங்கைக்கும் முடி கொட்டியதா?” “ஆமாம், மறுபடி முளைத்தபோது சுருள் சுருளாக வந்தது.” அதன்பின் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை, பந்து விளையாடப் போய்விட்டார்கள்.

பிள்ளைகள் நம்மை அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் நாள் முழுவதும் தானே ஒரு நோயுற்ற குழந்தைக்கு அக்காவாக இருந்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, விட்டுக்கொடுத்து, குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகிய பெண்ணுக்கு, தான் அக்கா என்று கூப்பிட ஒருவர் கிடைப்பது சிறிய விஷயமன்று. அந்த ஐந்து நாளுக்குள் அவள் கோபப்படலாம், எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கலாம், தோற்ற ஆட்டத்தில் அட்டைகளை வீசலாம். அது பின்னடைவு என்று பதறாதீர்கள். என் அனுபவத்தில், மூன்றாம் நாளுக்குப் பிறகு வரும் அடம் பெரும்பாலும் நல்ல அறிகுறி. முகாம் முடிந்ததும் தனிப்பட்ட முறையில் தொடர்பு வைத்துக்கொள்வதாக மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். முகாம் அலுவலகம் வழியாக ஒரு கடிதம் எழுதலாம், எழுதுவதாகச் சொன்னால் கட்டாயம் எழுதிவிட வேண்டும். சொல்லிவிட்டு வராமல் போனவர்களை இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே போதிய அளவு பார்த்திருக்கிறார்கள்.

பையைத் திறக்காமல் வைத்திருந்தவளை அழைத்துப் போக அவளுடைய தாய் வந்திருந்தார். கடைசி நாள், மருத்துவமனையிலிருந்து நேராக வந்த களைப்பு, நின்றபடியே, “தொந்தரவு ஏதும் கொடுத்தாளா?” என்று கேட்டார். “கொடுத்தாள் அம்மா. இரண்டு முறை சண்டை போட்டாள், நேற்றுக் காலை நீச்சலுக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள்” என்றேன். அவர் மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். சற்று நேரம் மகள் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைப்பையைக் கீழே வைத்து, வராந்தாவின் படியில் உட்கார்ந்தார்.

“சண்டையா? எதற்காம்?” என்று கேட்டார்.