‘அமைதியான பையன்’ என்பது மதிப்பெண் ஆகாது

குன்னூரில் விமானிகளுக்குப் பயிற்சி தரும் இன்ஸ்ட்ரக்டர்களின் அடுத்த வகுப்புக்காகச் சேர்ந்த மதிப்பீட்டுப் படிவங்களில் மறுபடியும் அதே வரி: “அமைதியான சுபாவம். கலந்து பழகுவதில்லை. சி.ஆர்.எம். 2.” சி.ஆர்.எம். என்றால் விமானக் குழுவின் கூட்டுத்திறன்; 2 என்பது ஐந்துக்கு இரண்டு. இது எத்தனையாவதோ!

இந்த முறை அது கோத்தகிரிப் பக்கத்திலிருந்து போன கோ-பைலட்டுக்கு. சிமுலேட்டர் பதிவைப் போட்டுப் பாருங்கள். தரையிறங்க வரும்போது வேகம் குறைகிறது. “ஸ்பீட்” என்கிறான். கேப்டனிடம் அசைவில்லை. “ஸ்பீட், பத்து நாட் (விமான வேக அளவு) குறைவு.” த்ராட்டில் முன்னே போகிறது, எஞ்சின் விசை கூடுகிறது. இதற்கு மேல் அந்தப் பிள்ளை என்ன பேச வேண்டும்? நான்கு மணி நேரமும் சிரித்துப் பேசிவிட்டு அந்த ஒரு சொல்லை விழுங்கியிருந்தால் 4 கிடைத்திருக்கும். வயிற்றைக் கலக்குவது அதுதான்.

விமானக் குழுவின் கூட்டுத்திறன் என்றால் நல்ல குணம், இனிமையான பேச்சு என்று எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டாரோ தெரியவில்லை. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லேண்டில் விழுந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் 173-இன் காக்பிட்டில் யாரும் சண்டை போடவில்லை. சக்கரக் கோளாறைப் பார்த்துக்கொண்டே சுமார் ஒரு மணி நேரம் சுற்றினார்கள். எரிபொருள் குறைவது ஃப்ளைட் இன்ஜினியருக்குத் தெரிந்திருந்தது, சொல்லவும் செய்தார். ஆனால் கேப்டனுக்கு உறைக்கும்படி யாரும் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து 10 பேர் இறந்தார்கள். மரியாதைக்கு அங்கே குறைவே இல்லை. 1979-இல் நாசா கூட்டிய பயிலரங்கும் 1981-இல் யுனைடெட் நிறுவனம் தொடங்கிய பயிற்சியும் இப்படிப்பட்ட விபத்துகளின் பின்னால் வந்தவை. பழகும் பண்பை வளர்க்க யாரும் அவ்வளவு செலவு செய்யவில்லை.

கேபின் குழுவுக்குப் பாடம் எடுப்பவர்கள் 1989 ஜனவரி 8, இங்கிலாந்தின் கெக்வொர்த் விமான விபத்தை எடுங்கள். பின்பக்கம் இருந்தவர்கள் இடது எஞ்சினில் நெருப்பைப் பார்த்தார்கள். காக்பிட்டில் நிறுத்தியது வலது எஞ்சினை. பார்த்தது முன்னே போய்ச் சேரவில்லை. 47 பேர் பலி.

விமானிகளின் தொழில்நுட்பம் சாராத திறன்களை மதிப்பிடும் நோடெக்ஸ் (NOTECHS) முறையில் ஒத்துழைப்பு, தலைமை, சூழல் அறிதல், முடிவெடுத்தல் என்று நான்கு பிரிவுகள், அவற்றுக்குள் 15 கூறுகள். மொத்தமாக ‘சி.ஆர்.எம். 2’ என்று போட அதில் இடமே கிடையாது. ஐந்து படிகளில் கீழ் இரண்டும் தேறாதவை. ‘தேறவில்லை’ என்று எழுத வேண்டுமானால் அந்த நடத்தையால் பாதுகாப்பு கெட்டிருக்க வேண்டும், அல்லது கெடும் நிலைக்குப் போயிருக்க வேண்டும். அதற்குத் தொழில்நுட்பச் சான்றாக வேகமோ உயரமோ விட்டுப்போன செக்லிஸ்ட்டோ ஒன்றைக் காட்டுங்கள். ஒருமுறை சறுக்கியதை வைத்துப் பெருங்குறை என்று முடிவு கட்டாதீர்கள். திரும்ப வருகிறதா பாருங்கள். சுபாவத்துக்குக் கட்டம் கிடையாது.

கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதப் பழகச் சிமுலேட்டர் தேவையில்லை, குன்னூர் பஸ் ஸ்டாண்டே போதும். பேருந்து ரிவர்ஸ் எடுக்கும் இடத்தில் நோட்டோடு இருபது நிமிடம் நில்லுங்கள். “கண்டக்டர் பொறுப்பானவர், டிரைவரோடு நல்ல ஒத்துழைப்பு” என்றுதான் முதலில் கை எழுதும். அடித்துவிடுங்கள். “டிரைவரின் கண்ணாடியில் தெரியும்படி நின்றார். சுவருக்கு மூன்றடி இருக்கையில் ஒற்றை விசில். வண்டி நிற்கவில்லை. பாடியை ஓங்கித் தட்டி ‘ஹோல்டு’ என்றார். நின்றது.” இதுதான் குறிப்பு. படித்தவர் தானே மதிப்பெண் போடலாம். அந்தக் கண்டக்டர் முசுடாக இருந்தாலும் மதிப்பெண் மாறாது.

அடுத்து, இன்ஸ்ட்ரக்டர்கள் எல்லோரும் ஒரே அளவுகோலுக்கு வருவது. ஒரே வீடியோவைப் போட்டு, பேசாமல், பக்கத்தில் எட்டிப் பார்க்காமல் ஆளுக்கொரு மதிப்பெண் எழுதுங்கள். பிறகு ஒரே நேரத்தில் காட்டுங்கள். ஒருவர் 2, இன்னொருவர் 4 என்றால் நடுவில் 3 என்று பஞ்சாயத்து பண்ண வேண்டாம். அந்த நிமிடத்துக்கு வீடியோவைத் திருப்பி, யார் எதைப் பார்த்தார் என்று கேளுங்கள். (மூத்தவர் முதலில் வாயைத் திறந்தால் அன்றைய வகுப்பு முடிந்தது. கூட்டுத்திறன் சொல்லித்தரும் அறையிலேயே இது நடக்கிறது.) தரையிறக்கம் பூப்போல அமைந்துவிட்டால் எல்லாக் கட்டத்திலும் 4 விழுவதையும் கவனியுங்கள்.

பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து பேசும் டீப்ரீஃபிங்கில் தயவுசெய்து பிரசங்கம் வேண்டாம். பதிவில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் நிறுத்துங்கள். “ஏன் அப்படிச் செய்தாய்?” என்றால் சமாதானம்தான் வரும். “அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரிந்தது, கேப்டனுக்கு என்ன தெரிந்தது என்று நினைத்தாய்?” என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பத்து வரை எண்ணுவது பெரும்பாடு, தெரியும். ஆறிலேயே பதிலை நீங்கள் எடுத்துக்கொடுத்தால் அவர்கள் தலையாட்டுவதோடு சரி.

அந்தக் கோ-பைலட்டின் படிவத்தை, மறுதேர்வுக்குத் தேதி குறிக்கும் முன், பதிவைப் பார்த்துத் திருத்தி அனுப்புங்கள். இரண்டாவது “ஸ்பீட்” எத்தனையாவது நொடியில் வந்தது என்பதும் அதில் இருக்கட்டும்.