ஜாம்பிகளை அனுப்புவது யார்?

நான்கு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து, ஜாம்பிகளைச் சுட்டுக்கொண்டே ஒரு பாதுகாப்பறையிலிருந்து அடுத்ததற்குப் போகும் வீடியோ கேம் லெஃப்ட் 4 டெட். அதை மனப்பாடம் செய்து ஜெயிக்க முடியாது. நேற்று ஜாம்பிக் கூட்டம் திமுதிமுவென்று இறங்கி வந்த மாடிப்படி இன்று காலியாக இருக்கும். நேற்று மாத்திரை கிடைத்த மேசையில் இன்று ஒன்றும் இருக்காது. மேப் அதேதான், சுவர்களும் கதவுகளும் அதேதான். ஆனால் எது, எங்கே, எப்போது வரும் என்பதை ஆட்டம் நடக்கும்போதே ஒரு நிரல் முடிவு செய்கிறது. அதற்கு 'ஏஐ டைரக்டர்' என்று பெயர். சேர்ந்தே இரு, சும்மா நிற்காதே, மூலையில் ஒதுங்கு என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்லித்தரும் யோசனைகளில் பாதிக்குக் காரணம் இந்த டைரக்டர்தான்.

2008 நவம்பரில் வால்வ் வெளியிட்ட கேம் இது. உருவாக்கியது டர்ட்டில் ராக் ஸ்டுடியோஸ், முன்னின்று நடத்தியவர் மைக் பூத். கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் பாட்களை, அதாவது கணினியே ஆட்டுவிக்கும் ஆட்டக்காரர்களை, எழுதியவர் அவர். துப்பாக்கி வைத்திருக்கும் சில பேர் மேல், வெறும் கத்தியோடு ஏகப்பட்ட பாட்களை ஏவிவிட்டுப் பார்த்தார்கள். அதுவே தனி ஆட்டமாக ருசிக்கத் தொடங்கியது. ஜாம்பி கேமின் விதை அங்கேதான் விழுந்தது. டைரக்டரின் உள்வேலைகளை பூத் 2009இல் ஒரு மாநாட்டு உரையில் எண்களோடு விளக்கினார்.

அவர் வைத்த அடிப்படை எளியது. இடைவிடாமல் சண்டை என்றால் ஆடுபவர் களைத்துப்போவார். வெகுநேரம் ஒன்றும் நடக்காவிட்டால் சலித்துப்போவார். இரண்டும் மாறி மாறி, அதுவும் எப்போது மாறும் என்று ஊகிக்க முடியாதபடி வர வேண்டும். சரி, ஆடுபவர் இப்போது எவ்வளவு பதறிப்போயிருக்கிறார் என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? நால்வருக்கும் தனித்தனியாக ஒரு பதற்றக் கணக்கை வைத்திருக்கிறது. ஜாம்பி அடித்தால், காயத்தின் அளவுக்கு ஏற்ப அது ஏறும். எழ முடியாமல் தரையில் விழுந்தால் ஏறும். மாடி விளிம்பிலிருந்து தள்ளப்பட்டுத் தொங்கினால் ஏறும். பக்கத்தில் ஒரு ஜாம்பி செத்து விழுந்தாலும் ஏறும். எவ்வளவு அருகில் விழுகிறதோ அவ்வளவு அதிகமாக. நூறடி தள்ளி நிற்பதைச் சுடுவது நிதானமான காரியம், மூக்குக்கு நேரே வந்ததைச் சுடுவது அப்படியில்லை என்பதை நிரல் இப்படித்தான் பிரித்தறிகிறது. ஒன்றும் நடக்காவிட்டால் கணக்கு மெல்ல இறங்கும். ஆனால் ஏதோ ஒரு ஜாம்பி உங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்வரை இறங்காது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு டைரக்டர் நான்கு நிலைகளில் சுற்றிச் சுற்றி வருகிறது. முதலில் ஏற்றம்: பதற்றம் உச்சத்தைத் தொடும்வரை தாராளமாக அனுப்பும். தொட்டதும் நிறுத்திவிடாது, இன்னும் 3 முதல் 5 விநாடிக்கு அதே தாராளம். அப்புறம் ஜாம்பிகளின் வரவைக் குறைத்துவிட்டு, பதற்றம் தணியும்வரை காத்திருக்கும். கடைசியாக ஓய்வு, 30 முதல் 45 விநாடி. அதற்குள் அணி அடுத்த பாதுகாப்பறையை நோக்கிப் போதிய தூரம் நகர்ந்துவிட்டால் ஓய்வு அப்போதே முடிந்து, மறுபடி ஏற்றம்.

புதிதாக ஆட வருபவர்கள் உயிரைவிடுவது பெரும்பாலும் இந்த ஓய்வை வீணடித்துத்தான். ஒரு கூட்டத்தை அடித்து முடித்ததும் அப்படியே நின்று, யார் யாரைச் சுட்டார்கள் என்று பஞ்சாயத்து பேசுவார்கள். நின்று பேசினாலும் ஓய்வு நீளப்போவதில்லை. நகர்ந்தால் சீக்கிரம் முடிந்துவிடுமே என்று கேட்கலாம். முடியும்தான், ஆனால் நடந்த தூரமாவது கையில் மிஞ்சும். போதாக்குறைக்கு, 'நார்மல்' கடின அளவில் 90 முதல் 180 விநாடிக்கு ஒருமுறை 10 முதல் 30 ஜாம்பிகள் வரை சேர்ந்து ஒரு கூட்டமாக வரும். ஒரே அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கும் அணி, தோட்டாவும் உடம்பும் தேய்ந்த பிறகும் போக வேண்டிய தூரத்தில் ஓர் அடிகூடக் குறைத்திருக்காது.

மோசமாக ஆடினால் டைரக்டர் இரக்கப்பட்டு கேமை எளிதாக்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியில்லை. சண்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான் அது கூட்டிக் குறைக்கிறது, சண்டையின் கடுமையை அல்ல. இன்னொன்று, ஓய்வுக்கு நால்வரின் சராசரி தேவையில்லை. ஒருவருடைய பதற்றம் உச்சத்துக்குப் போனாலே எல்லோருக்கும் ஓய்வு. பின்வரிசையில் பத்திரமாக நிற்பவர் அனுபவிக்கும் அமைதி, முன்னால் அடிவாங்கியவர் சம்பாதித்துக் கொடுத்தது. கையிலிருக்கும் மாத்திரையை அவருக்குக் கொடுத்துவிடுவது நியாயம் மட்டுமல்ல, லாபமும்கூட. இரண்டு முறை விழுந்து எழுந்தவர், மருந்துக் கட்டு போடாமல் மூன்றாம் முறை விழுந்தால் சாவுதான்.

எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. மேப்பில் நடக்கக்கூடிய தரை முழுவதும் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தொடக்க அறையிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அந்த எண் கூடிக்கொண்டே போகும் திசைதான் வெளியேறும் வழி. அதனால் எத்தனை வளைவு திருப்பம் இருந்தாலும் உங்களுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதில் டைரக்டருக்குக் குழப்பமே வராது. அணியைச் சுற்றியுள்ள பகுதிகளில்தான் ஜாம்பிகள் உருவாகும். நீங்கள் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டால், அங்கே திரிந்துகொண்டிருந்தவை சத்தமில்லாமல் நீக்கப்படும். முக்கியமாக, நால்வரில் யார் கண்ணுக்கும் படக்கூடிய இடத்தில் ஜாம்பி முளைக்காது.

மூலையில் ஒதுங்கு என்ற யோசனைக்கு இதுதான் காரணம். ஒரே வாசல் உள்ள சிறிய அறைக்குள் நால்வரும் நின்றால், அறை முழுவதும் கண்பார்வையில் இருக்கும். உள்ளே எதுவும் முளைக்க வழியில்லை. வருவதெல்லாம் வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். முன்னால் நிற்கும் இருவர் குனிந்துகொண்டால் பின்னால் நிற்பவர்கள் அவர்கள் தலைக்கு மேலாகச் சுடலாம். குனியாமல் நடுவில் உலாத்தும் நண்பரின் முதுகில்தான் உங்கள் தோட்டா பாதி போகும்.

வழியில் போகும்போது கதை வேறு. கூட்டங்களில் முக்கால்வாசியை டைரக்டர் பின்பக்கமாக அனுப்புகிறது. தனியாகத் திரிபவையும், ஹன்டர், ஸ்மோக்கர் போன்ற தனித்திறன் கொண்ட சிறப்பு ஜாம்பிகளும் எப்படியும் முன்னால் எதிர்ப்படும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆக, வரிசையில் கடைசியாக வருபவர் அவ்வப்போது திரும்பிப் பார்க்க வேண்டும். அவர் வேகமாக ஓடும் அணியில் இருந்தால் பாவம், அவரை ஹன்டர் பாய்ந்து அமுக்கியது முன்னால் போனவர்களுக்கு அலறல் கேட்ட பிறகுதான் தெரியும். ஹன்டர் அமுக்கினாலும் ஸ்மோக்கர் நாக்கால் சுருட்டி இழுத்தாலும் பெரும்பாலும் மற்றவர்தான் விடுவிக்க வேண்டும். தனியாகப் போகும் எந்தச் சூரனும் இதில் தேறுவதில்லை.

காதைத் திறந்து வைத்திருப்பது பாதி பாதுகாப்பு. ஒவ்வொரு சிறப்பு ஜாம்பிக்கும் தனிக் குரலும் தனி இசைத் துணுக்கும் உண்டு. கூட்டம் வரும் முன் தூரத்தில் ஊளைச் சத்தம் கேட்கும். வேறு பாட்டை ஓடவிட்டுக்கொண்டு ஆடுபவர்கள் இதையெல்லாம் இழக்கிறார்கள்.

இதுவரை சொன்ன கணக்குக்குள் அடங்காதவர்கள் இருவர்: டேங்க் என்ற ராட்சத ஜாம்பி, விட்ச் என்ற, சீண்டினால் பாயும் பெண் ஜாம்பி. வழி நெடுகிலும் குறிப்பிட்ட தூர இடைவெளியில், சற்று முன்பின்னாக, இவற்றுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. டேங்க், விட்ச், ஒன்றுமில்லை என்ற மூன்றில் ஏதாவது ஒன்று அங்கே அமையும். ஒரே வகை அடுத்தடுத்து வராது. உங்கள் பதற்றத்தை இந்த ஏற்பாடு கேட்பதே இல்லை. நான்கு பேரும் நொண்டிக்கொண்டு வந்தாலும், அந்த இடத்தை எட்டிவிட்டால் டேங்க் வரும். 'நார்மல்' கடின அளவில் அதற்கு 4000 உயிர்ப்புள்ளி. உங்களுடையது 100. எனவே வெகுதூரம் பெரிய வில்லன் யாரும் வரவில்லை என்றால், கட்டுப்போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். டேங்க் வந்ததும் கார்கள் நிற்கும் இடத்தை விட்டு விலகுங்கள், அது ஒரே அடியில் காரையே உங்கள் மேல் பறக்கவிடும். மோலடோவ் என்ற தீப்பாட்டிலை எறிந்து பற்றவைத்துவிட்டு, பின்வாங்கிக்கொண்டே நால்வரும் ஒரே நேரத்தில் சுடுங்கள். விட்ச் விஷயத்தில் டார்ச்சை அணைத்துவிட்டு ஓரமாகக் கடந்து போவதே மேல்.

கடைசி மேப்பில் மீட்பு வண்டியை வரவழைக்கும் பொத்தானை அழுத்திய பின், வரிசை ஏற்கெனவே எழுதிவைத்தது: கூட்டம், டேங்க், மறுபடி கூட்டம், மறுபடி டேங்க், அப்புறம் வண்டி. பொத்தானை அழுத்தும் முன் பெட்ரோல் கேன்களை அடுக்கி, தோட்டா நிரப்பி, யார் எங்கே நிற்பது என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். வண்டி வந்த பிறகு கூட்டம் நிற்கவே நிற்காது, டேங்கும் வந்துகொண்டேயிருக்கும். அப்போது ஒன்றையும் கொல்ல நினைக்காமல் ஓடி ஏறிவிட வேண்டும். யாராவது விழுந்துவிட்டால் திரும்பிப் போவதா வேண்டாமா என்ற சண்டையை வண்டிக்குள் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.