காணிக்கை டப்பாவில் குறைந்த 70 ரூபாய்

சேலம் அஸ்தம்பட்டியில் குழந்தைகள் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஏற்காட்டில் இருந்தும் சிலர் வருவார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்துக் களைத்திருப்பார்கள். அப்படி வந்து உட்கார்ந்தவன்தான் இந்த எட்டு வயதுப் பையன். பெற்றோர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்காக அவர்கள் சர்ச்சில் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு காணிக்கை டப்பா கொடுத்திருந்தார்கள். இவன் அதன் வாயில் ஈர்க்குச்சியை விட்டு 70 ரூபாயை எடுத்துத் தின்பண்டம் வாங்கிவிட்டான். அப்பா பெல்ட்டால் அடித்தார். அம்மா தன் பர்சில் இருந்து 70 ரூபாயை எடுத்து டப்பாவில் போட்டு, "யாருக்கும் தெரிய வேணாம்" என்று முடித்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து அப்பாவின் சட்டைப் பையில் பணம் குறைந்தது. கேட்டபோது பையன் அவர் கண்ணைப் பார்த்தே "நான் இல்லப்பா" என்றிருக்கிறான். அதில்தான் அவர் ஆடிப்போனார்.

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்னு வேதத்துலயே இருக்கே மேடம்" என்றார் அப்பா. "அன்பு சகலத்தையும் தாங்கும்னும் இருக்கே" என்றார் அம்மா. நானும் அதே வேதத்தில், பைபிளில் வளர்ந்தவள்தான். அம்மா சொன்னதற்கு ஒரு வசனம் முன்னால், அன்பு "அநியாயத்தில் சந்தோஷப்படாமல், சத்தியத்தில் சந்தோஷப்படும்" என்று இருக்கிறது. அதை எழுதிய பவுல், தவறை மூடிவைப்பதை அங்கே அன்பு என்று சொல்லவில்லை. அப்பா சொன்ன பிரம்புக்கு எபிரெயத்தில் ஷேவெத் என்று பெயர். 23-ம் சங்கீதத்தில் "உமது கோலும்" என்று வருகிறதே, அதுவும் அதே சொல்தான். அந்தக் கோல் மேய்ப்பன் கையில் இருக்கிறது, ஆட்டைத் தேற்றுகிறது. நம் வீட்டு பெல்ட் யாரைத் தேற்றியது?

அடி, பிள்ளைக்குப் பொய்யைப் பழக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளின் சிறு பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளிவந்தது. ஒரு பள்ளியில் பிரம்படி சாதாரணம், மற்றதில் அடி கிடையாது. பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போனார். இரண்டு பள்ளியிலும் பார்த்த பிள்ளைகள் உண்டு. ஆனால் "பார்த்தியா?" என்று கேட்டபோது அடி வாங்கும் பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம் பொய் சொன்னார்கள், மாட்டாமலும் சொன்னார்கள். நம் பையன் இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டதும் இதைத்தான்.

பெற்றோரிடம் நான் அடிக்கடி சொல்வது, தெரிந்துகொண்டே "நீ எடுத்தியா?" என்று கேட்காதீர்கள் என்பது. அது பிள்ளையைப் பொய்க்குள் தள்ளும் கேள்வி. "டப்பாவுல காசு எடுத்திருக்கேன்னு தெரியும், எப்படிச் சரி பண்ணலாம்னு பேசுவோம்" என்று தொடங்குங்கள்.

சரி பண்ணுவது என்றதும் எனக்கு பைபிளில் வரும் சகேயு ஞாபகம் வரும். அந்த வரிவசூலிப்பவன் வீட்டுக்கு இயேசு தாமாகவே போகிறார், ஊர் முறுமுறுக்கிறது. கணக்குக் கேட்டு யாரும் மிரட்டவில்லை. ஆனாலும் அவன் எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். அன்பு முதலில் வந்தது, அதற்காகக் கணக்கு மறைந்துபோகவில்லை.

இந்த வீட்டில் கடன்காரன் யார் என்று பையனையே கேட்டேன். யோசித்து, "அம்மாவுக்கு 70, அப்பாவுக்கு 40" என்றான். வாரா வாரம் கிடைக்கும் 10 ரூபாயைப் பதினொரு வாரம் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. சண்டே ஸ்கூல் டீச்சரிடமும் சொல்ல வேண்டும், ஆனால் சபை முன்னால் கூடாது. பிள்ளையைப் பத்துப் பேர் முன்னால் நிறுத்தினால் அவன் மனதில் நிற்பது அவமானம் மட்டும்தான், செய்த தப்பு மறந்துவிடும்.

ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் அப்பா அவனை அழைத்துப் போனார். அவன் கை அப்பாவின் சட்டை நுனியை விடவே இல்லையாம். "அக்கா, நான் காணிக்கைக் காசை எடுத்துட்டேன்" என்று சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனதாம். அந்த டீச்சர் நல்ல பெண். அழட்டும் என்று விட்டு, தண்ணீர் கொடுத்து, அடுத்த வாரமும் டப்பாவை அவன் கையிலேயே கொடுத்திருக்கிறார். திரும்பி வரும் வழியில் அப்பா, "உன்னை பெல்ட்டால அடிச்சது என் தப்புடா" என்று சொல்லியிருக்கிறார். நான் சொல்லச் சொல்லவில்லை.

ஆனால் பையனிடம் இன்னொரு விஷயம் இருந்தது. முன்பு ஒரு நாள் படம் வரைந்துகொண்டே, "ஆன்ட்டி, தங்கச்சிக்கு அஞ்சரை வயசு. பஸ்ல மட்டும் நாலு" என்றான். நம் அரசுப் பேருந்துகளில் 2022 முதல் ஐந்து வயது வரை டிக்கெட் கிடையாது, அதற்கு மேல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். மலையில் இருந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவன் அந்த "நாலு" என்பதைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். சண்டே ஸ்கூலில் பத்துக் கட்டளை மனப்பாடம், பஸ்ஸில் இந்தப் பாடம்! அவன் அனுமதியோடு பெற்றோரிடம் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இருவரும் எதுவும் பேசவில்லை.

அடுத்த முறை வந்தபோது பையன் உட்காரக்கூட இல்லை. பாக்கெட்டில் கசங்கிக் கிடந்த டிக்கெட்டுகளை மேசையில் ஒவ்வொன்றாக விரித்து வைத்தான். முழு டிக்கெட் இரண்டு, அரை டிக்கெட் இரண்டு.

"இது என்னோடது" என்று எம்பி எட்டி ஒன்றை எடுத்துக்கொண்டது தங்கச்சி.